வல்லிநாயகம் இருந்த துளை

1959ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்திலிருந்து, தென்காசி செங்கோட்டை ரோட்டுப் பட்டறையில் தில்லைநாயகம் ரீமரைச் சுற்றி இழைத்த எந்தத் துளையிலும் ஷாப்ட் என்ற சுழல்தண்டு நுழையவில்லை. துளையில் ஆள் இருந்தது. முதலில் தெரிய வந்தது ஒரு மாவு மில்லின் கப்பித் துளையில். விரல் விட்டால் விரல் உள்ளே போயிற்று. ஊதினால் காற்று மறுபக்கம் வந்தது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ரோட்டில் போகும் மாட்டு வண்டி சின்ன வட்டமாகத் தெரிந்தது. ஷாப்டை வைத்து அழுத்தினால் மட்டும் வாயிலேயே நின்றது. ஷாப்ட் பருமனாக இருக்கிறதென்று நினைத்து எமரித் தாள் போட்டுத் தேய்த்தான். அப்படியும் நின்றது. மரச்சுத்தியை எடுத்து ஒரு தட்டுத் தட்டினான். “ஏலே, தட்டாத. உள்ள ஆள் இருக்குல்லா” என்றது வல்லிநாயகத்தின் குரல். வல்லிநாயகம் அவனுடைய அண்ணன். இறந்து, பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது. தில்லைநாயகம் சுத்தியைக் கீழே வைத்தான். துளையின் வாயைத் துணியால் துடைத்தான். பிறகு சாப்பிடப் போனான்.

அண்ணன் ஷாப்ட் கடைவான், தம்பி துளை போடுவான். பட்டறை தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான். வல்லிநாயகத்தின் லேத்து தெற்குச் சுவரைப் பார்த்து நின்றது. தில்லைநாயகத்தின் மேசை வடக்குச் சுவரை ஒட்டி இருந்தது. இரண்டு பேரும் முதுகுக்கு முதுகு காட்டி நின்று வேலை செய்தார்கள். நடுவில் ஒரு பலகை. கடைந்த ஷாப்டை அண்ணன் வைப்பான், ரீமர் போட்ட சக்கரத்தைத் தம்பி வைப்பான். இரண்டும் அந்தப் பலகையில்தான் முதன்முதலாக ஒன்றையொன்று பார்க்கும். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பட்டறையில் தவ் என்பார்கள். அரைத் தவ் நெருக்கத்தில் அவை பொருந்தின. ஒருவன் போடும் ஓட்டையை அடைக்கவே இன்னொருவன் பிறந்திருக்கிறான் என்று பஸ் ஸ்டாண்டில் பேசிக்கொண்டார்கள். பொருந்தாத வேலை வந்தால் வல்லிநாயகம் திரும்பாமலே ஏசுவான். பொருந்திய வேலைக்கு எதுவும் சொல்லமாட்டான். தில்லைநாயகம் ஒரு பாராட்டுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்ற நாட்கள் உண்டு. லேத்தின் பெல்ட் சத்தம்தான் கேட்கும்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை வல்லிநாயகம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு குற்றாலம் பெரிய அருவிக்குப் போனான். மலைமேல் மழை பெய்திருந்தது கீழே யாருக்கும் தெரியாது. உடம்பு சிற்றாற்றில் வந்து யானைப்பாலத்துக்குக் கீழே ஒதுங்கியது. வல்லிநாயகத்துக்குப் பிள்ளைகள் இல்லை. தம்பிதான் கொள்ளி வைத்தான். வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நேரே ஆற்றுக்குப் போகும்படி நாவிதர் சொன்னார். தில்லைநாயகம் தலையாட்டினான். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தான். வேண்டுமென்று பார்க்கவில்லை. ஒன்றை உள்ளே செலுத்திய பிறகு அது சரியாக உட்கார்ந்ததா என்று பார்ப்பது பட்டறைக்காரனின் கழுத்துக்கு வந்துவிட்ட வழக்கம். “பாத்துட்டீரே வே” என்றார் நாவிதர். “லேசாத்தான் பாத்தேன்” என்றான் தில்லைநாயகம். ரீமரை அவன் ஒருநாளும் பின்பக்கமாகச் சுற்றியதில்லை. உள்ளே போகும்போது சுற்றிய பக்கமே வெளியே எடுக்கும்போதும் சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால் இரும்புப் பிசிறு பல்லுக்கும் சுவருக்கும் நடுவே சிக்கித் துளையைக் கீறிவிடும். கை அதை அறிந்திருந்தது. கழுத்து அறிந்திருக்கவில்லை.

மாவு மில் கப்பியோடு அது நிற்கவில்லை. அதன்பின் துளைத்த பம்பு புஷ்ஷில் வல்லிநாயகம் இருந்தான். நெல் மில்லின் உருளையில் இருந்தான். ஒரே நேரத்தில் எல்லாவற்றிலும் இருந்தான். இந்தத் துளையில் பேசியதை அந்தத் துளையிலும் கேட்கலாம். துளையைப் பெரிதாக்கிப் பார்த்தான் தில்லைநாயகம். அந்த அளவுக்கு அண்ணனும் பருத்தான். செய்தி ஊரில் பரவியபோது சிலர் வந்து காது வைத்துக் கேட்டார்கள். காணாமல் போன பசு எங்கே நிற்கிறது என்று மேலகரத்திலிருந்து வந்த ஒருவர் கேட்டார். “பசுவைப் பத்தி எனக்கென்ன தெரியும்? நான் கெடக்கது கப்பிக்குள்ள” என்றான் வல்லிநாயகம். அதன்பின் வருகிறவர்கள் குறைந்தார்கள். எந்த வேலையும் முடிந்து போகாததால் வாடிக்கைக்காரர்கள் தங்கள் சாமான்களைப் பக்கத்து ஊரான சுரண்டைக்குக் கொண்டு போனார்கள். அங்கே துளை கொஞ்சம் கோணலாக இருக்கும், ஆனால் காலியாக இருக்கும் என்றார்கள்.

தில்லைநாயகத்துக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. கப்பியில் சத்தம் கேட்ட மறுநாள் வல்லிநாயகம் தானாகவே ஒன்று சொல்லியிருந்தான். “ஏலே தில்லை. உள்ள வழுவழுன்னு இருக்குலே. வெளிய இருந்து பாத்தப்ப எனக்குத் தெரியல. உக்காந்து பாத்தாத்தான் தெரியுது. நல்லாப் போட்டிருக்க.” தில்லைநாயகம் ஒரு பழைய இரும்புத் துண்டை எடுத்து, யாரும் கேட்காத துளை ஒன்றைப் போட்டான். அதிலும் நன்றாக இருக்கிறது என்று அண்ணன் சொன்னான். மார்கழி முழுவதும் அவன் துளை போட்டான். பட்டறைத் தரையில் துளையிட்ட இரும்புகள் பரந்து கிடந்தன.

வல்லிநாயகத்தின் மனைவி குழல்வாய்மொழி பட்டறைக்குப் பின்னாலிருந்த வீட்டிலிருந்து வந்து மத்தியானங்களில் கப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சமைத்தது என்ன என்று சொன்னாள். கூரையில் எந்த ஓடு உடைந்தது என்று சொன்னாள். “அங்கன தனியாவா இருக்கீய?” என்று கேட்டாள். “தனியாத்தான். ஆனா எடம் நெருக்கடி” என்றான் அவன். “எனக்கு எடம் இருக்குமா?” என்று கேட்டாள். “ஏட்டி, ஷாப்டுக்கே எடம் இல்லங்கேன்.” அவள் சிரித்தாள். கணவன் இறந்தபின் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. வெளியே நின்றிருந்த பக்கத்துக் கடைக்காரர்கள் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. கப்பியோடு பேசுகிறாள், சிரிக்கத்தான் செய்வாள் என்றார்கள்.

தையில் வாசுதேவநல்லூர் சுந்தரபாண்டியன் வந்தார். பட்டாளத்திலிருந்து வந்து நிலம் வாங்கிக் கரும்பு போட்டவர். மாடு கட்டி இழுக்கும் பழைய ஆலையை விற்றுவிட்டு எஞ்சினில் ஓடும் ஆலை ஒன்றை நிறுத்தியிருந்தார். அதன் பெரிய பல்சக்கரம் மதுரையில் வார்த்த எஃகு. சுரண்டையில் அதைத் துளைக்கப் போய் ரீமரின் பல் உடைந்ததுதான் மிச்சம். தில்லைநாயகம் அதைத் துளைத்தான். முதலில் சிறிய துளை போட்டு, லேத்தில் விரித்து, கடைசிச் சில தவ்வை ரீமருக்கு விட்டான். விளக்கெண்ணெய் ஊற்றி, கைப்பிடியின் இரண்டு பக்கத்தையும் ஒரே கனத்தில் பிடித்து, கோயில் சுற்றுகிறவன் வேகத்தில் சுற்றினான். எஃகு நூல் நூலாக வந்தது. வேலை முடிந்ததும் துளைக்குள்ளிருந்து அண்ணன், “இதுவரைக்கும் போட்டதுல இதுதான் நல்லது” என்றான். தில்லைநாயகம் கையைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் ரோட்டைப் பார்த்தான்.

சக்கரம் ஷாப்டில் இறுகி நிற்க வேண்டும். ஆடினால் பல் உடையும், கரும்பு கொடுக்கும் ஆளின் கையையும் இழுக்கும். ஷாப்டை இப்போது தில்லைநாயகமே கடைய வேண்டியிருந்தது. தெற்குச் சுவரைப் பார்த்து அண்ணனின் லேத்தில் நின்று கடைந்தான். துளையின் வாயில் வைத்ததும், “யாருலே கடஞ்சது? நடுவுல வயிறு தள்ளியிருக்கு” என்றது குரல். இன்னொன்று கடைந்தான். “நுனி சரிவு.” அடுத்தது. “அரைத் தவ் கூட. இதுக்கு நான் எதுக்கு எடம் விடணும்?” அப்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. சரியான ஷாப்ட் வந்தால் அவன் இடம் விடுவான். “விட்டா எங்கன போவ?” என்று தில்லைநாயகம் கேட்டான். “போறதுதான். ஒண்ணுல எடம் விட்டா எல்லாத்துலயும் விட்டதுதான்” என்றான் அண்ணன், கடையை அடைக்கும் நேரத்தைச் சொல்வதுபோல.

அதற்குப் பிறகு கடைந்த ஷாப்டுகளில் ஒன்றும் சரியாக வரவில்லை. மாசி பிறந்தது. சுந்தரபாண்டியன் பஸ்ஸில் வந்து வந்து போனார். கரும்பு பூவெடுக்கத் தொடங்கியிருந்தது. பூத்துவிட்டால் சாறு வற்றும், வெல்லம் கட்டாது. அவர் ஆலையை நம்பி அக்கம்பக்கத்துக் கரும்பும் நின்றது. ஒருநாள் அவர் குனிந்து சக்கரத்துக்குள்ளேயே பேசினார். “அண்ணாச்சி, கொஞ்சம் ஒத்துங்க. ஊரே காத்துக் கெடக்கு.” “ஒத்தலாம் வே. ஆடுத சக்கரத்துல ஒம்ம ஆளு கை போனா யாரு பதில் சொல்லுதது?” “உசிரோட இருந்தப்பவும் இந்த வாய்தான்” என்று சுந்தரபாண்டியன் நிமிர்ந்து சொன்னார். பிறகு தில்லைநாயகத்திடம் குரலைத் தாழ்த்தி, “நீங்க கடையுததுலதான் என்னமோ கோளாறு அண்ணாச்சி” என்றார். “நான் தொளைக்காரன். ஷாப்ட் என் கைக்கு வராது” என்றான் தில்லைநாயகம். சொல்லும்போது அதை அவன் நம்பினான்.

நம்பாதவள் குழல்வாய்மொழிதான். அவள் கப்பியை மடியில் வைத்துக்கொண்டு கொழுந்தன் கடைவதைப் பல நாளாகப் பார்த்திருந்தாள். ஒரு மத்தியானம் லேத்து நின்றதும் கேட்டாள். “தம்பி, கடைசி வெட்டு வெட்டும்போது கண்ணை மூடிக்கிடுதீகளே. எதுக்கு?”

“யாரு, நானா?”

“நீங்கதான். அதுவரைக்கும் நல்லாத்தான் வருது. சத்தத்துலயே தெரியுது, அவுக கடையும்போது வருத அதே சத்தம். அப்புறம் கண்ணை மூடுதீக. கைப்பிடியில விரல் ஒரு நூலு அசையுது.”

தில்லைநாயகம் லேத்தின் கைப்பிடியைப் பார்த்தான். பிறகு தன் விரலைப் பார்த்தான். தரையில் கிடந்த ஷாப்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தான். அண்ணன் இடம் விடுவான் என்று தெரிந்தபின் கடைந்தவை எல்லாம் ஒரே இடத்தில், ஒரே அளவில் தப்பியிருந்தன. கைக்கு வராதவன் செய்யும் தவறு பலவிதமாக இருக்கும். இது ஒரேவிதமாக இருந்தது. அவன் முக்காலியில் உட்கார்ந்தான்.

“இருக்கட்டுமே மதினி” என்றான். “அவன் இருக்கதுல உங்களுக்கு என்ன கஷ்டம்? நீங்களும்தான் தெனமும் வந்து பேசுதீக.”

குழல்வாய்மொழி கப்பியைத் தரையில் வைத்தாள். வைத்த பிறகும் கை அதன்மேலேயே இருந்தது. “நேத்து எம்பேரைக் கேட்டாவ” என்றாள். “நான் வெளையாட்டுன்னு நெனச்சேன். வெளையாட்டு இல்ல. மறந்து போச்சாம். போன மாசம் வீடு மறந்திச்சு. அதுக்கு முன்ன அருவி மறந்திச்சு. தண்ணியில போனதே தெரியல. நான் சொன்னா, அப்படியாங்காவ. எதனாலன்னு கேட்டேன். உள்ள வழுவழுன்னு இருக்கு, எதைப் பிடிச்சாலும் வழுக்கிட்டுப் போயிருதுன்னாவ.”

தில்லைநாயகம் சக்கரத்தின் பக்கம் போய்க் குனிந்தான். அண்ணே என்று கூப்பிட்டான். “அரைத் தவ்” என்றது குரல். “நம்ம அம்மை பேரு என்ன, சொல்லு.” “அரைத் தவ் கூட இருக்கக் கூடாது” என்றது. தில்லைநாயகம் விரலைத் துளைக்குள் விட்டுச் சுவரைத் தடவினான். ஒரு கீறல் இல்லை. ஒரு பிசிறு இல்லை. வாழ்க்கையில் அவன் போட்டதில் சிறந்த துளை அது. அதில் எதுவும் தங்காது என்பதும் அந்த விரலுக்குத் தெரிந்தது. அன்று அவன் மேற்கொண்டு வேலை செய்யவில்லை. அண்ணனுக்குப் பிடி கிடைக்கட்டும் என்று பழைய துளை ஒன்றில் அரத்தால் கீறிச் சுவரைச் சொரசொரப்பாக்க நினைத்து அரத்தை எடுத்தான். கை போகவில்லை. அரத்தைத் திரும்ப வைத்துவிட்டான்.

மறுநாள் காலை பட்டறையில் சுந்தரபாண்டியனும் இருந்தார். அவருக்குத் தெரிந்த ஒரு பட்டாளத்து வழி இருந்தது. சக்கரத்தைக் கரி நெருப்பில் போட்டுப் பழுக்கக் காய்ச்சினால் துளை விரியும், ஷாப்ட் தானாக விழும், ஆறினால் கவ்விக்கொள்ளும். பீரங்கி வண்டிக்கு அப்படித்தான் செய்வோம் என்றார். தில்லைநாயகம் வாயைத் திறப்பதற்கு முன், வாசலில் நின்ற குழல்வாய்மொழி சொன்னாள். “நெருப்பு வேண்டாம். ஒரு தடவை வச்சாச்சு.” சுந்தரபாண்டியன் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு நெருப்பைப் பற்றிப் பேசவில்லை.

தில்லைநாயகம் தெற்குச் சுவரைப் பார்த்து நின்று கடைந்தான். இரும்பு நீலமாகச் சுருண்டு விழுந்தது. கடைசி வெட்டு வந்தபோது கண்ணில் தண்ணீர் நின்றது. அவன் இமைக்கவில்லை. வெட்டு முடிந்து கருவி தானாக விலகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தான். ஷாப்டில் அவனுடைய முகம் நீளமாகத் தெரிந்தது. அளந்து பார்க்கவில்லை. அதை எடுத்துக்கொண்டு போய்ச் சக்கரத்தின் வாயில் வைத்தான். பெல்ட் நின்று, ரோட்டில் ஒரு லாரி போய், அந்தச் சத்தமும் அடங்கிய பிறகு குரல் வந்தது.

“யாரு கடஞ்சது?”

“நாந்தான்.”

“நீ யாரு?”

குழல்வாய்மொழி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். தம்பி என்று சொன்னால் அதை அண்ணனால் உள்ளே பிடித்துவைத்துக்கொள்ள முடியாது. “தொளை போட்டவன்” என்றான் தில்லைநாயகம்.

“அப்படியா. நல்லாப் போட்டிருக்கப்பா” என்றது குரல். பிறகு, “ஷாப்டும் சரியா இருக்கு. தள்ளு” என்றது.

திருகு அழுத்தியில் சக்கரத்தைப் படுக்க வைத்தார்கள். துளையின் சுவரில் விளக்கெண்ணெய் தடவினான். சுந்தரபாண்டியன் ஒரு பக்கமும் தில்லைநாயகம் மறுபக்கமும் நின்று நீளக் கம்பியைச் சுற்றினார்கள். ஷாப்ட் இறங்கத் தொடங்கியது. இறுக்கமாக, நிற்காமல், ஒரே கனத்தில் இறங்கியது. பாதியில் சுந்தரபாண்டியன் கையை எடுக்கப் பார்த்தார். “நிறுத்தாதீக” என்றான் தில்லைநாயகம். குரல் ஏதாவது சொல்லுமென்று மூன்று பேரும் காத்திருந்தார்கள். அது எதுவும் சொல்லவில்லை. ஷாப்டின் நுனி அடிப்பக்கம் வந்து எட்டிப் பார்ப்பதற்குச் சற்று முன் அங்கிருந்து ஒரு சொட்டு விழுந்தது. விளக்கெண்ணெய் என்று நினைத்தார்கள். அடுத்த சொட்டு தில்லைநாயகத்தின் புறங்கையில் பட்டது. ஜில்லென்று இருந்தது. பிறகு அது சரமாக வந்தது. பச்சிலை வாசனையோடு, சிறிய சருகுகளோடு, மலைத் தண்ணீர் வந்தது. தரையில் கிடந்த பழைய துளைகளிலிருந்தும் ஒரு கை அளவு, ஒரு கை அளவு என்று தண்ணீர் வழிந்தது. பலகைக்கு அடியில் கிடந்த கப்பியிலிருந்து வந்ததைக் குழல்வாய்மொழி இரண்டு கையாலும் ஏந்தினாள். அது மாசி மாதம், அருவி காய்ந்து பாறை தெரிந்துகொண்டிருந்த நேரம். பட்டறையில் கணுக்கால் நனையும் அளவுக்குத் தண்ணீர் நின்றது. பிறகு வாசற்படி தாண்டி ரோட்டோரச் சாக்கடையில் இறங்கிப் போயிற்று. லேத்தின் மோட்டார் நனையவில்லை.

அன்று மாலையே சக்கரத்தை லாரியில் ஏற்றினார்கள். ஆலை ஓடியது. பாதிக்கு மேல் கரும்பு பூவெடுக்காமல் தப்பியது. அந்த வருஷத்து வெல்லம் கொஞ்சம் நிறம் குறைவாக இருந்தாலும் நல்ல விலைக்குப் போனது. தில்லைநாயகத்தின் துளைகளில் ஷாப்ட் நுழையத் தொடங்கியது. சுரண்டைக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். வேலை அதிகமானபோது குழல்வாய்மொழி தெற்குச் சுவர்ப் பக்கத்து லேத்தில் நின்றாள். முதலில் சிறிய இரும்பு முளைகளைக் கடைந்தாள், பிறகு ஷாப்ட். பிள்ளைமார் வீட்டுப் பொம்பிளை இரும்பு கடைகிறாள் என்று கோயில் வாசலில் ஒரு தையிலிருந்து மறு தைவரை பேசினார்கள். அப்புறம் அவள் எவ்வளவு கூலி வாங்குகிறாள் என்று பேசினார்கள். பொருந்திய வேலைக்கு அவளும் எதுவும் சொல்வதில்லை. வாடிக்கைக்காரர்கள் பொருந்திவிட்டது என்பார்கள். உள்ளே எப்படி இருக்கிறதென்று சொல்ல யாரும் இல்லை. தில்லைநாயகம் ஷாப்டைச் செலுத்துவதற்கு முன் துளையை ஒருமுறை விரலால் தடவிப் பார்ப்பான். தடவிவிட்டுச் செலுத்துவான்.

தண்ணீர் வந்த மாசியை அடுத்த ஆனியில் வாசுதேவநல்லூர் ஆலையின் பல்சக்கரம், வெயிலடித்துக்கொண்டிருந்த ஒரு பகலில், நடுவிலிருந்து சொட்டத் தொடங்கியது. எஞ்சின் ஓடவில்லை, மழையும் இல்லை. சக்கரத்துக்கும் ஷாப்டுக்கும் நடுவே முடி நுழைய இடமில்லை. மறுநாள் தென்காசியிலிருந்து வந்த பஸ்காரர் நல்லகண்ணு, குற்றாலத்தில் சாரல் தொடங்கி முந்தின நாள் பகலில் அருவி விழுந்துவிட்டது என்றார். ஆடி முழுவதும் சொட்டியது. ஆவணியில் நின்றது. அருவியும் நின்றிருந்தது. ஐப்பசியில் ஓர் இரவு தண்ணீர் கொட்டி ஆலைத் தரை நனைந்தது. அன்று குற்றாலத்தில் வெள்ளம். குழல்வாய்மொழி ஒருமுறை வந்து சக்கரத்தின் அடியில் உட்கார்ந்து, சொட்டுகிற தண்ணீரில் தலை நனைத்துக்கொண்டு, ஈரத் தலையோடு பஸ் ஏறிப் போனாள். 1964இல் எஞ்சின் மாற்றியபோது சக்கரத்தைக் கழற்றப் பார்த்தார்கள். அசையவில்லை. அப்படியே விட்டுவிட்டார்கள். சுந்தரபாண்டியன் அதன் அடியில் ஒரு தகரக் குவளையைத் தொங்கவிட்டார், ஆலையாட்கள் அதில் குடித்தார்கள். வாசுதேவநல்லூரில் குளிக்கப் போக நினைக்கிறவர்கள் முதலில் ஆலைக்குப் போய்க் குவளையைப் பார்த்தார்கள். தண்ணீர் இருந்தால் துண்டையும் எண்ணெயையும் எடுத்துக்கொண்டு குற்றாலத்துக்கு பஸ் ஏறினார்கள். இல்லாவிட்டால் கிணற்றடிக்குப் போனார்கள்.